வழங்கி நிரலில் கட்டளைகளைக் குழாய்வழி இணைத்தல்: தமிழ்ச் சொல்லடைவுப் பணியை முன்வைத்து ஒரு விளக்கம்

1.0 முன்னுரை

இலக்கிய ஆய்வாளருக்கும் மொழியாசிரியருக்கும் பொதுவாகப் பயன்படும் கருவிகளுள் சொல்லடைவும் ஒன்றாகும். ஒரு நூலில் ஒரு சொல் எத்தனை முறை வந்துள்ளது, எவ்வெவ்விடங்களில் வந்துள்ளது என்பதை அது காட்டும். சொற்களை அட்டைகளில் எழுதி, அடுக்கி, எண்ணிச் செய்யப்பட்ட இப்பணி ஒரு காலத்தில் அறிஞர் ஒருவரின் பல ஆண்டு உழைப்பை வேண்டி நின்றது. இன்று அதே பணியை ஒரு பல்கலைக்கழகத் துறையின் வழங்கிக் கணினி சில நொடிகளில் செய்து முடிக்கின்றது. ஆசிரியர் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து, பொத்தானை அழுத்துகின்றார். விடை வருகின்றது.

அவ்விடைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே பெரிய நிரல் இருப்பதில்லை. சிறிய கட்டளைகள் சில ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, ஒன்றின் வெளியீடு மற்றொன்றின் உள்ளீடாகச் சென்று, இறுதியில் விடை உருவாகின்றது. அவற்றை இணைப்பது வழங்கியில் இயங்கும் நிரலாகும். இந்த இணைப்பு எவ்வாறு அமைகின்றது, தமிழ் எழுத்துகள் அதனுள் செல்லும்பொழுது எவ்விடங்களில் சிதைவுறுகின்றன, அச்சிதைவை எவ்வாறு கண்டறிந்து தவிர்க்கலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

இதனைத் தமிழாசிரியர்கள் அறிந்திருக்க வேண்டுமா என்னும் ஐயம் எழலாம். ஒரு சொல் ஒரு நூலில் 'இல்லை' என்று சொல்லடைவு கூறினால், அக்கூற்று காலக் கணிப்புக்கும் ஆசிரியர் அடையாளத்துக்கும் சான்றாக எடுத்தாளப்படுகின்றது. பாடநூலில் எந்தச் சொல்லை எந்த வகுப்பில் அறிமுகப்படுத்துவது என்பதற்குச் சொல் நிகழ்வுப் பட்டியல் அடிப்படையாகின்றது. அப்பட்டியல் ஓர் இணைப்புக் குறையால் பிழைபட்டால், பிழை கணினியோடு நின்றுவிடாமல் ஆய்வுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் வந்து சேர்கின்றது.

2.0 குழாய் என்னும் கருத்தின் தோற்றம்

நிரல்களை ஒன்றோடொன்று இணைக்கும் எண்ணத்தை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய் ஆவார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயில் வேண்டும்போது இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பதுபோல, நிரல்களையும் சேர்க்க ஒரு வழி வேண்டும் என்னும் கருத்தை அவர் 1964ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாளிட்ட ஒரு குறிப்பில் வெளியிட்டார். அவ்வெண்ணம் செயலுருப் பெற ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1973இல் கென் தாம்சன் அதனை யுனிக்ஸ் இயங்குதளத்தில் அமைத்தார். இரு கட்டளைகளுக்கிடையே செங்குத்துக் கோடு ஒன்றை இட்டு இணைப்பைக் குறிக்கும் வழக்கமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. இன்றைய லினக்ஸ் வழங்கிகளிலும் அக்கோடு அதே பொருளில் வழங்குகின்றது.

இம்முறையின் ஆற்றலைக் காட்டிய புகழ்பெற்ற நிகழ்வு ஒரு சொல் எண்ணும் பணியாகவே அமைந்தது என்பது நமக்குக் குறிப்பிடத்தக்கது. 1986இல் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம்.' இதழில் ஜான் பென்ட்லி நடத்திய பகுதிக்காக, ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்களைப் பட்டியலிடும் நிரல் ஒன்றை டொனால்ட் கனூத் பல பக்க அளவில் எழுதினார். அதனைத் திறனாய்வு செய்த மெக்கில்ராய், அந்நிரலின் நுட்பத்தைப் பாராட்டியதோடு, அதே பணியைச் செய்யும் ஆறு கட்டளைகளைக் குழாய்வழி இணைத்துக் காட்டினார். அவ்வாறும் அதற்கென எழுதப்பட்டவை அல்ல. ஏற்கெனவே எல்லா யுனிக்ஸ் கணினிகளிலும் இருந்தவையே.

3.0 சொல் எண்ணும் தொடர்: ஒரு செயல்விளக்கம்

மெக்கில்ராயின் தொடரில் முதற்கட்டளை, எழுத்தல்லாத ஒவ்வொன்றையும் புதுவரியாக மாற்றிச் சொற்களை வரிக்கு ஒன்றாகப் பிரித்தது. இரண்டாவது, ஆங்கிலப் பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்கியது. மூன்றாவது சொற்களை வரிசைப்படுத்தியது. நான்காவது, அடுத்தடுத்து வரும் ஒரே சொற்களை ஒன்றாக்கி எண்ணிக்கை இட்டது. ஐந்தாவது, எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கியது. ஆறாவது, வேண்டிய அளவோடு பட்டியலை நிறுத்தியது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இன்மையால் இரண்டாவது கட்டளை நமக்குத் தேவையில்லை. எஞ்சியவற்றை வசதிக்காகச் சொற்பிரிப்பி, வரிசையாக்கி, எண்ணி என்று அழைக்கலாம். அப்பொழுது நம் தொடர் பின்வருமாறு அமையும்:

சொற்பிரிப்பி | வரிசையாக்கி | எண்ணி | இறங்குவரிசையாக்கி

'மழை வந்தது மலை நனைந்தது மழை நின்றது' என்னும் சிறு பகுதியை இதனுள் செலுத்துவோம். சொற்பிரிப்பி இதனை ஆறு வரிகளாக்கும். வரிசையாக்கி அவ்வரிகளை நனைந்தது, நின்றது, மலை, மழை, மழை, வந்தது என்று அடுக்கும். எண்ணி அடுத்தடுத்துள்ள இரு 'மழை'களை ஒன்றாக்கி, 'மழை' 2 என்றும் ஏனைய நான்கும் ஒவ்வொன்று என்றும் தரும். எண்ணிக்கு முன் வரிசையாக்கி வருவதன் காரணம் இங்கே விளங்கும். எண்ணி அருகருகே உள்ளவற்றை மட்டுமே ஒப்பிடும். வரிசையாக்காமல் விட்டால் மூலத்தில் பிரிந்து நிற்கும் இரு 'மழை'களும் தனித்தனியே எண்ணப்படும்.

ஒவ்வொரு கட்டளையும் தன் வேலையை மட்டுமே அறியும். தனக்கு முன்னும் பின்னும் எது நிற்கின்றது என்பதை அது அறியாது. இதுவே இம்முறையின் எளிமை. இதுவே இதன் இடரும் ஆகும். சொற்பிரிப்பி பிழையாகப் பிரித்தாலும் வரிசையாக்கி அதனைக் குறை கூறாது. கிடைத்ததை அடுக்கித் தரும்.

4.0 வழங்கி நிரல் இணைப்பை அமைக்கும் முறை

இயங்கும் கட்டளை ஒவ்வொன்றையும் கணினியியலார் செயல்முறை என்பர். ஒவ்வொரு செயல்முறைக்கும் தொடக்கத்திலேயே மூன்று வாய்கள் அமைகின்றன: உள்ளீடு வரும் உள்வாய், விடை செல்லும் வெளிவாய், பிழைச் செய்திகள் செல்லும் பிழைவாய். குழாய் என்பது ஒரு செயல்முறையின் வெளிவாயை அடுத்ததன் உள்வாயோடு சேர்க்கும் இடைத்தேக்கம் ஆகும்.

பி.எச்.பி., பைத்தான், பெர்ல் முதலிய மொழிகளில் எழுதப்பட்ட வழங்கி நிரல் இவ்விணைப்பை இரு வழிகளில் செய்யலாம். முதலாவது வழியில், செங்குத்துக் கோடுகளோடு கூடிய முழுத் தொடரையும் ஒரே சரமாக எழுதி, ஷெல் எனப்படும் கட்டளைப் பொருள்கொள்ளியிடம் நிரல் ஒப்படைக்கின்றது. ஷெல் அச்சரத்தைப் படித்து, பிரித்து, செயல்முறைகளைத் தொடங்கி இணைக்கின்றது. எழுதுவதற்கு இவ்வழி எளிது.

இரண்டாவது வழியில் ஷெல்லுக்கு இடமில்லை. நிரலே இயங்குதளத்திடம் குழாய்களைக் கேட்டுப் பெற்று, ஒவ்வொரு செயல்முறையையும் தானே தொடங்கி, வாய்களைத் தானே இணைக்கின்றது. கட்டளையின் பெயரும் அதற்குத் தரப்படும் சொற்களும் ஒரே சரமாக அன்றி, தனித்தனி உறுப்புகள் கொண்ட பட்டியலாகத் தரப்படுகின்றன. பைத்தானில் இதற்கெனச் 'சப்பிராசஸ்' என்னும் கூறு 2004இல் வெளியான 2.4ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. பி.எச்.பி.யின் 'பிராக் ஓப்பன்' கட்டளை இவ்வாறு பட்டியலை ஏற்கத் தொடங்கியது 2019இல் வெளியான 7.4ஆம் பதிப்பிலாகும்.

இரண்டாவது வழியை மேற்கொள்வோர் ஒன்றை மறத்தலாகாது. குழாய்க்கு எழுதும் முனை, படிக்கும் முனை என இரு முனைகள் உண்டு. முந்தைய செயல்முறை எழுதி முடித்துவிட்டதைப் பிந்தைய செயல்முறை அறிவது, எழுதும் முனை முற்றாக மூடப்பட்டதைக் கொண்டேயாகும். இணைப்பை அமைத்த நிரல் தன்னிடமுள்ள எழுதும் முனையின் படியை மூடாது விட்டால், பிந்தைய செயல்முறை இன்னும் வரும் என்று காத்துக்கொண்டேயிருக்கும். பக்கம் சுழன்றுகொண்டிருக்கும், விடை வாராது.

5.0 குழாயினுள் தமிழ் எழுத்து

குழாய் வழியே செல்வன எழுத்துகள் அல்ல. பைட்டு எனப்படும் எண்களே. அவ்வெண்கள் எந்த எழுத்தைக் குறிக்கின்றன என்பதைக் குழாய் அறியாது. இணைக்கப்பட்ட கட்டளைகள் அனைத்தும் ஒரே புரிதலோடு அவற்றைப் படித்தால்தான் தமிழ் தமிழாக வெளிவரும்.

5.1 எழுத்தும் பைட்டும்

ஒருங்குறியின் பரவலான வடிவமாகிய யூ.டி.எஃப்-8இல் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் தேவைப்படுகின்றன. 'தமிழ்' என்னும் சொல்லில் நம் இலக்கணப்படி மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன. ஆகவே 15 பைட்டுகள்.

மெக்கில்ராய் சொற்பிரிப்புக்குப் பயன்படுத்திய 'டி.ஆர்.' கட்டளையின் க்னூ வடிவம் நெடுங்காலமாகவே பைட்டு பைட்டாகச் செயற்படுவது. ஆங்கில எழுத்தல்லாதவற்றை எல்லாம் புதுவரியாக்கு என்று கூறினால், தமிழ் முழுவதும் புதுவரிகளாகிவிடும். தமிழ் எழுத்துகளையே அதற்குக் கொடுத்தாலும், மூன்று பைட்டுகளைத் தனித்தனியாகக் கொள்ளுமாதலால் விடை சிதையும்.

மொழிக்குள் அமைந்த கருவிகளை நாடினாலும் கவனம் தேவை. பைத்தானின் இயல்பான தேடற்கோவையில் 'சொல்லெழுத்து' என்பதற்கான குறியீடு தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அதைக் கொண்டு சொற்பிரிப்பி அமைத்தால் 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என இரு சொற்களாகும். நிரல் பிழைச் செய்தி எதுவும் தராது. தமிழ்க் குறிகளின் முழு வீச்சையும் வெளிப்படையாகக் குறிப்பிடுவதே இதற்குத் தக்க வழியாகும். பெர்ல் மொழியின் அதே குறியீடு, உரையை ஒருங்குறியாகப் படிக்கும்படி அமைத்தால், துணைக்குறிகளையும் சேர்த்தே கொள்கின்றது.

5.2 குறியேற்ற வேறுபாடுகள்

1990களின் இறுதியில் உலகத் தமிழர்கள் பல குறியேற்றங்களைப் பயன்படுத்தினர். 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டிலும் 2001இல் கோலாலம்பூரில் நடந்த மாநாட்டிலும் ஒன்றுகூடியோர் எதிர்கொண்ட சிக்கல்களுள் இதுவும் ஒன்றாகும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்பதிப்புகளைத் திஸ்கி குறியேற்றத்திலும் வெளியிட்டது. பின்னரே ஒருங்குறிப் பதிப்புகள் வந்தன. அக்காலத்தில் தட்டச்சான கோப்புகள் துறைகளின் பழைய கணினிகளில் இன்னும் இருக்கக்கூடும்.

திஸ்கியில் 'கெ' என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசையில், கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகப் பதிவாகும். ஒருங்குறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகும். ஆகவே மாற்றம் என்பது எண்ணுக்கு எண் இடுவதன்று; இடமாற்றமும் வேண்டும். லினக்ஸின் 'ஐகான்வ்' கட்டளை திஸ்கியை அறியும். அதனைத் தொடரின் முதற்கண்ணியாக அமைக்கலாம்.

ஒருங்குறிக்குள்ளும் இருவகைப் பதிவுகள் உண்டு. 'கொ' என்பதை ககரமும் ஒகரக் குறியுமாக இரு குறிகளில் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என மூன்று குறிகளிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இவற்றை நிகரானவையாகவே கொள்கின்றது. ஆனால் பைட்டுகளை ஒப்பிடும் எண்ணிக்கு இவை இருவேறு சொற்கள். 'கொடு' பட்டியலில் இருமுறை தோன்றும். அதன் நிகழ்வு எண்ணிக்கை இரண்டாகப் பிளவுறும். இதனைத் தவிர்க்க, சொற்பிரிப்பிக்கு முன்னரே உரையை ஒரே வடிவாக்கும் நெறிப்படுத்தி ஒன்று இடம்பெறல் வேண்டும்.

5.3 அகரவரிசை

வட்டார அமைப்பு எதுவும் குறிப்பிடப்படாதபோது வரிசையாக்கி குறியெண் வரிசையையே பின்பற்றும். அவ்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் அமைந்துள்ளன. ஆகவே அகராதியில் மணம், மரம், மலை, மழை, மனம் என வரவேண்டியவை மணம், மனம், மரம், மலை, மழை என வரும். புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்கும் பிற்பட்டது. அதனால் 'பக்கம்' என்பதற்கு முன்னதாகப் 'பகல்' வந்துவிடும். எண்ணுவதற்கு இது தடையன்று. ஒரே சொற்கள் அடுத்தடுத்து நின்றால் போதும். அச்சிடும் சொல்லடைவுக்கோ இது பெருங்குறை. ஆதலின் எண்ணுவதற்கு ஒரு வரிசையாக்கமும், வெளியிடுவதற்குத் தமிழ் அகரவரிசையை அறிந்த மற்றொரு வரிசையாக்கமும் என இரண்டாகப் பிரித்துக்கொள்வது நன்று.

6.0 இணைப்பில் நேரும் இடர்கள்

6.1 தேடுசொல் கட்டளையாதல்

ஷெல்லிடம் ஒப்படைக்கும் சரத்தினுள் பயனர் தட்டச்சு செய்த சொல்லை அப்படியே வைப்பது பேரிடராகும். 'மழை' என்பதற்குப் பின் ஓர் அரைப்புள்ளியும் கோப்புகளை அழிக்கும் கட்டளையும் ஒருவர் எழுதினால், ஷெல் இரண்டையும் நிறைவேற்ற முனையும். ஷெல்லை இடையில் வைப்பதன் இடர் 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் வேறொரு வகையிலும் வெளிப்பட்டது. 'ஷெல்ஷாக்' எனப் பெயர் பெற்ற அக்குறை, வழங்கி நிரல் 'பாஷ்' என்னும் ஷெல்லுக்குச் சூழல் மாறிகளாகக் கடத்தும் செய்தி வழியாகவே அயலார் கட்டளைகளை இயக்க இடங்கொடுத்தது.

இதற்குக் காப்பாகப் பி.எச்.பி.யில் 'எஸ்கேப்ஷெல்ஆர்க்' என்னும் செயற்கூறு உண்டு. அது சொல்லை மேற்கோள் குறிக்குள் அடைத்துத் தரும். தமிழுக்கு இங்கேதான் எதிர்பாராத இழப்பு நேர்கின்றது. நிரலின் வட்டார அமைப்பு 'சி' என்னும் அடிப்படை நிலையில் இருந்தால், பல வழங்கிகளில் அச்செயற்கூறு ஆங்கிலம் அல்லாத பைட்டுகளைச் செல்லாதவை எனக் கருதி நீக்கிவிடும். 'மழை' என்னும் சொல் முழுவதும் மறைந்து, வெறும் மேற்கோள் குறிகளே தேடும் கட்டளைக்குச் செல்லும். 'கிரெப்' என்னும் அக்கட்டளைக்கு வெற்றுச் சரம் எல்லா வரிகளிலும் இருப்பதாகவே பொருள். குறளுக்கு இரண்டு வரியாக 1330 குறட்பாக்களும் மட்டும் பதிந்த கோப்பில் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் 2660 வரிகளில் உள்ளது என்று விடை வரும். ஒரு சொல்லை மட்டும் சோதித்துப் பார்ப்பவர் எண்ணிக்கை மிகுதி என்று வியக்கலாம். நூலில் இல்லாத ஒரு சொல்லையும் தேடிப் பார்ப்பவரே குறையைக் காண்பார்.

ஷெல்லை விலக்கிப் பட்டியல் வழியாகக் கட்டளையைத் தொடங்கினால் இவ்விரு இடர்களும் நீங்குகின்றன. அப்பொழுதும், சிறுகோட்டில் தொடங்கும் சொல்லைக் கட்டளை தனக்குரிய விருப்பக்குறியாகக் கொள்ளாதிருக்க, விருப்பக்குறிகள் முடிந்தன எனக் காட்டும் இரட்டைச் சிறுகோட்டை முன்னே இடுதல் வேண்டும்.

6.2 முட்டுக்கட்டை

குழாய் அளவற்றதன்று. லினக்ஸில் அதன் இயல்பான கொள்ளளவு 65,536 பைட்டுகளாகும். தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு என்பதால், ஏறத்தாழ 21,800 குறிகளில் அது நிரம்பிவிடும். நிரம்பிய குழாயில் எழுத முயலும் செயல்முறை இடம் வரும்வரை நின்றுவிடும்.

வழங்கி நிரல் முழு நூலையும் சொற்பிரிப்பியின் உள்வாயில் எழுதி முடித்த பின்னரே அதன் வெளிவாயைப் படிக்கத் தொடங்குவதாகக் கொள்வோம். குறளின் ஓர் அதிகாரத்தைக் கொடுத்தால் அதில் உள்ளவை 70 சீர்களே; எல்லாம் குழாயில் அடங்கும்; விடை வரும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட கம்பராமாயணத்தைக் கொடுத்தால் வெளிக்குழாய் நிரம்பும். சொற்பிரிப்பி எழுத இடமின்றி நிற்கும். நின்றமையால் படிப்பதையும் நிறுத்தும். அதனால் உட்குழாயும் நிரம்பும், நிரலும் நிற்கும். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க, இரண்டும் நகரா. வகுப்பில் சிறு பகுதியைக் கொண்டு செய்துகாட்டியபோது செம்மையாக இயங்கிய பக்கம், முழு நூலைக் கொடுத்தபோது உறைந்து நிற்பதற்கு இதுவே காரணமாக அமைவதுண்டு.

எளிய தீர்வு, நூலை நிரல் தன் கையால் ஊற்றாதிருப்பதாகும். தொடரின் முதற்கட்டளையின் உள்வாயைக் கோப்போடு நேரே இணைத்துவிட்டு, நிரல் இறுதிக் கட்டளையின் வெளிவாயை மட்டும் படித்தால் முட்டுக்கட்டைக்கு இடமில்லை. பிழைவாயையும் படிக்கப்படாத குழாயில் விடாமல் ஒரு கோப்பில் சேர்த்துவைத்தல் வேண்டும்; அதுவும் நிரம்பக்கூடியதே.

6.3 ஓசையற்ற தோல்வி

ஒவ்வொரு செயல்முறையும் முடியும்போது ஒரு முடிவெண்ணை விட்டுச் செல்கின்றது. சுழி என்றால் வெற்றி. வேறெண் என்றால் தோல்வி. ஷெல்லிடம் ஒரு தொடரை ஒப்படைத்தால், இயல்பாக இறுதிக் கட்டளையின் முடிவெண் மட்டுமே நமக்குக் கிடைக்கும்.

பழைய திஸ்கிக் கோப்பு ஒன்றின் நடுவே சிதைந்த பைட்டு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 'ஐகான்வ்' அவ்விடத்தில் பிழை கூறி நின்றுவிடும். அதுவரை மாற்றிய பகுதி குழாய்வழி சென்றிருக்கும். வரிசையாக்கி அப்பகுதியை வரிசைப்படுத்தும், எண்ணி எண்ணும், இறுதிக் கட்டளை வெற்றி எனக் கூறும். பிழைச் செய்தி வழங்கியின் பதிவேட்டுக்குள் சென்று சேரும். ஆசிரியர் அதனைக் காண்பதில்லை. அவர் காண்பது அழகிய ஒரு பட்டியல். அது நூலின் முற்பாதிக்கு மட்டும் உரியது என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இராது. பிற்பாதியில் மட்டும் வரும் சொல் 'இந்நூலில் இல்லை' என்று எழுதப்படும்.

'பாஷ்' ஷெல்லில் இதற்கெனப் 'பைப்ஃபெயில்' என்னும் அமைப்பு உண்டு. அதனை இட்டால், தொடரின் எந்தக் கண்ணி தோற்றாலும் தொடர் முழுவதும் தோற்றதாகக் கொள்ளப்படும். நிரலே செயல்முறைகளைத் தொடங்கியிருந்தால், ஒவ்வொன்றின் முடிவெண்ணையும் கேட்டறிந்து, ஒன்று தோற்றாலும் பட்டியலை வெளியிடாது நிறுத்துதல் வேண்டும். ஆயினும் ஒரு விலக்கைக் கருத வேண்டும். 'கிரெப்' கட்டளை சொல் கிடைக்காதபோது 1 என்றும், உண்மைப் பிழையின்போது 2 என்றும் முடிவெண் தரும். 'இல்லை' என்னும் விடையையும் 'தேட இயலவில்லை' என்னும் விடையையும் வேறுபடுத்த இவ்வெண்களே உதவுகின்றன.

6.4 சூழல் வேறுபாடு

கணினி முனையில் அமர்ந்து தட்டச்சு செய்தபோது சரியாக இயங்கிய தொடர், இணையப் பக்கத்திலிருந்து இயங்கும்போது தவறுவதுண்டு. முனையில் அமர்ந்தவரின் சூழலில் யூ.டி.எஃப்-8 வட்டார அமைப்பு இருக்கும். வழங்கி மென்பொருளின் சூழலில் 'சி' அமைப்பு இருக்கும். அதனால் ஒரே கட்டளை அங்கே எழுத்தைக் காண்கின்றது. இங்கே பைட்டைக் காண்கின்றது. ஒவ்வொரு செயல்முறையையும் தொடங்கும்போதே அதன் வட்டார அமைப்பை வெளிப்படையாகக் குறிப்பிடுவதே தக்க முறையாகும்.

7.0 ஆசிரியர் செய்யக்கூடிய சரிபார்ப்பு

மேற்கூறியவற்றை அமைப்பது நிரலரின் பணி. விடை நம்பத்தக்கதா என்று சோதிப்பதோ பயன்படுத்துவோர் எவர்க்கும் இயலும். அதற்கு நான்கு வழிகளைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவது, நூலில் இல்லை என உறுதியாகத் தெரிந்த ஒரு சொல்லைத் தேடுதல். விடை சுழியாக வரவேண்டும். இரண்டாவது, நூலின் கடைசி வரியில் உள்ள ஒரு சொல்லைத் தேடுதல். அது கிடைத்தால் நூல் முழுவதும் குழாயைக் கடந்து வந்தது எனலாம். மூன்றாவது, 'கொ', 'கோ', 'கௌ' வரிசைச் சொற்கள் பட்டியலில் இருமுறை தோன்றுகின்றனவா என்று பார்த்தல். நான்காவது, பட்டியலில் உள்ள எண்ணிக்கைகளைக் கூட்டுதல். அக்கூட்டுத்தொகை சொற்பிரிப்பி தந்த வரிகளின் எண்ணிக்கைக்குச் சமமாதல் வேண்டும். முன்னர்க் கண்ட எடுத்துக்காட்டில் 2, 1, 1, 1, 1 ஆகியன சேர்ந்து 6 ஆகின்றன. மூலத்திலும் ஆறு சொற்களே. இக்கணக்கு இடிக்குமானால் இடையில் ஏதோ ஒரு கண்ணியில் சொல் கசிந்திருக்கின்றது.

இக்கட்டளைகள் சொல்லின் வடிவத்தை மட்டுமே அறியும் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். மழை, மழையை, மழைக்கு என்பன அவற்றுக்கு மூன்று சொற்கள். வேற்றுமை உருபுகளையும் புணர்ச்சியையும் பிரித்தறிய உருபனியல் பகுப்பி ஒன்றைத் தொடரில் சேர்க்கலாம். பழைய கண்ணிகளைக் கலைக்காமல் புதியதொன்றைத் திருகிச் சேர்க்க இயல்வதே குழாய் முறையின் சிறப்பாகும்.

8.0 முடிவுரை

சிறு கட்டளைகளைக் குழாய்வழி இணைக்கும் முறை ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்திருப்பதற்கு அதன் எளிமையே காரணம். தமிழ்ச் சொல்லாய்வுக்கும் அது பெரிதும் பயன்படுகின்றது. எனினும் குழாய் கடத்துவது பைட்டுகளையே அன்றி எழுத்துகளை அன்று. கட்டளைகளுள் பல ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டு உருவானவை. அவை தமிழைக் கையாளத் தவறும்போது பெரும்பாலும் ஓசையின்றியே தவறுகின்றன. குறியேற்றத்தை நுழைவாயிலிலேயே ஒருமைப்படுத்துதல், ஷெல்லை விலக்குதல், வட்டார அமைப்பை வெளிப்படையாக இடுதல், ஒவ்வொரு கண்ணியின் முடிவெண்ணையும் கேட்டறிதல் ஆகிய நான்கும் இவ்விழப்பைத் தடுப்பனவாம்.

அட்டைகளில் சொல்லடைவு தொகுத்த அறிஞர் தம் கையெழுத்துக்குத் தாமே பொறுப்பேற்றார். கணினியில் அப்பொறுப்பு கட்டளைகளுக்கிடையே உள்ள இணைப்புகளுக்கு மாறியுள்ளது. ஆகவே சொல் எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டும் ஆய்வுக்கட்டுரைகள், அவ்வெண் எந்தக் கட்டளைகளின் தொடரால், எந்தக் குறியேற்றத்தில் பெறப்பட்டது என்பதையும், கூட்டுத்தொகைச் சரிபார்ப்பு செய்யப்பட்டதா என்பதையும் ஓரிரு வரிகளில் குறிப்பிடுதல் வேண்டும். அவ்வழக்கம் ஏற்பட்டால், ஒருவர் பெற்ற எண்ணை மற்றொருவர் தம் கணினியில் மீண்டும் பெற்றுப் பார்த்து உடன்படவோ மறுக்கவோ இயலும்.